தங்கத்தைக் கூட்டி வரப் போனோம்

மலைக்குப் போவது என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். மேட்டுப்பாளையம் போய், வளைவுகளில் வாந்தி வராமல் தப்பித்து, மேலே குளிருக்கு ஒரு டீ குடித்து, வர்க்கி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. ரயிலில் நாள்கணக்காக உட்கார்ந்து போய்ச் சேரும் மலை ஒன்று எனக்கும் வாய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கணபதியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்புசெட்டுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் லேத்தில் நிற்பார். அளவு சரிபார்ப்பது, பெட்டி கட்டுவது, பில் போடுவது எல்லாம் நான். ஒன்பது வருடமாக எங்களோடு இருந்தவன் லால்தங்கா, அஸ்ஸாமின் மலைப்பக்கத்துப் பையன். பெயரின் பின்பாதியைக் கேட்ட அன்றே இவர் அவனைத் தங்கம் ஆக்கிவிட்டார். பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் சபையின் பாடல் குழுவில் கிடார் வாசித்து, கடைசியில் காய்கறிக்காரரே "தம்பிக்கு எந்த ஊருங்க, பொள்ளாச்சிப் பக்கமுங்களா?" என்று கேட்கும் அளவுக்குப் பேசக் கற்றுக்கொண்டான். முகத்தைப் பார்த்துவிட்டும் அப்படிக் கேட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

பிப்ரவரியில் மனைவியின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனான். "ஈஸ்டருக்கு வந்தர்றனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஈஸ்டர் போயிற்று, கோடை விடுமுறையும் முடிந்தது. அவன் ஊரில் டவர் கிடையாது. குன்றின் மேல் இருக்கும் சர்ச்சுக்கு ஏறி வந்தால்தான் போன் கிடைக்கும். அங்கிருந்து பேசும்போதெல்லாம் "அடுத்த வாரமுங்கண்ணா" என்பான்.

இவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து லேத்தில் ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை. மற்ற இரண்டு பையன்களும் டிரில்லிங் தாண்டிப் போகவில்லை. எங்கள் ஒரே மகள் கணவனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். வந்த வேலையில் பாதியை வேறு பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்படியே போனால் வருடக் கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரியும், வாயால்தான் சொல்லவில்லை.

ஒருநாள் காலை சாப்பிட உட்கார்ந்தவர், "நேர்ல போயிக் கையோட கூட்டிட்டு வந்தர்றேன்" என்றார். "இனி பட்டறை உன்றதுதான்னு சொல்லிப்போடறேன். பொண்டாட்டி புள்ளையையும் கூட்டிட்டு வாடான்னு சொல்றேன். அப்பறம் எப்படி வராம இருப்பான்?"

"வாறோம்னு அவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா எங்காச்சும் மலைக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவான். சொல்லாமத்தான் போகோணும்."

சர்க்கரை வியாதிக்காரரை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குழந்தையைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ரயிலில் முதல் நாளே மானம் போனது. வீட்டிலிருந்து கொண்டுபோன தயிரை மேல் பெர்த்தில் வைத்திருந்தேன். வெயிலில் அது பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்த பெரியவரின் பளபளக்கும் ஷூக்களுக்குள் வழிந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு பதறினேன். அவர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தமிழில் சொன்னார்: "தயிர். பரவாயில்லை. முட்டைக்கோஸ் எவ்வளவு?"

பெயர் பிஸ்வாஸ், வங்காளி. ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் இருந்த காலத்தில் மெஸ்ஸுக்குக் காய்கறி எடுக்க மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருவாராம். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்த மண்டியில் கற்றது. கேரட், பீட்ரூட், உருளை, வேண்டாம், நல்லா இல்லை, நாளைக்கு வாரேன். இந்தச் சொற்களை வைத்தே என்னோடு மூன்று நாள் பேசினார். என் புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்றார். என் வீட்டுக்காரர் அவரோடு பட்டறை இந்தியில் பேசினார். பட்டறை இந்தி என்றால் தூக்கு, இறக்கு, அளவு பார், சீக்கிரம். அதிலும் அவர்களுக்கு எல்லாம் புரிந்தது.

மறுநாள் ஒடிசாவுக்குள் வண்டி போனது. பனைமரங்களும் சின்னச் சின்னக் குன்றுகளும் கிணத்துக்கடவுப் பக்கம்போல இருந்தன. நான் பிறந்த ஊர் அது. இங்கே தென்னை மட்டும் குறைவு. சாப்பாடு விற்கிறவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். காலையில் இட்லி, பிறகு பூரி, பிறகு காகிதப் பொட்டலத்தில் கடலையும் பொரியும். இவருக்கு டீ எங்கேயும் பிடிக்கவில்லை. "டிக்காசனே இல்ல, சக்கரைத் தண்ணி" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாங்கினார். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்பது என் கவலை, டீ பிடிக்கவில்லை என்பது அவர் கவலை.

பக்கத்துப் பெட்டியில் திருப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் பையன்கள் கூட்டமாக இருந்தார்கள். கதவருகே நின்று ஒருவன் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று பிஸ்வாஸைக் கேட்டோம். அவர் இந்தியில் சொல்ல, இவர் எனக்குச் சொன்னார்: "லீவு முடிஞ்சு மொதலாளி போன் பண்ணுனா, தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சுருச்சுன்னு சொல்லப்போறானாம். போன வருசமும் அதைத்தான் சொன்னானாம்."

சொல்லி முடித்ததும் இவர் முகம் சுண்டிவிட்டது. தங்கமும் மே மாதம் அதையேதான் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் அன்று முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வங்காளம். கண்ணுக்கு எட்டியவரை பச்சை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளம், குளத்துக்கு ஒரு வாத்துக் கூட்டம். தண்ணீருக்கு ஆயிரம் அடி போர் போடுகிற நாட்டிலிருந்து வந்தவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. எதற்காகப் போகிறோம் என்று பிஸ்வாஸ் அன்றுதான் கேட்டார். இவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, தன்னிடம் சமையல் பழகிய பையன் ஒருவன் வேலையை விட்டுப் போய்ச் சிலிகுரியில் ஹோட்டல் வைத்திருப்பதாகச் சொன்னார். மாதம் ஒருமுறை தானே அங்கே போய்ச் சாப்பிடுகிறாராம். "உப்பு குறைவாகப் போடுகிறான். சொன்னால் கேட்பதில்லை" என்று தலையை ஆட்டினார். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் வேண்டுமென்றே அப்படிப் போடுகிறான் என்று பிறகு தெரிந்தது. இறங்கும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பி, "நாளைக்கு வாரேன்" என்றார். போய் வருகிறேன் என்பதற்கு அவரிடம் அதுதான் இருந்தது.

கவுகாத்தியில் மலைக்குப் போகும் ரயிலில் மாறி ஏறினோம். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு பாக்கு மரம். மேட்டுப்பாளையத்திலிருந்து யாரோ நாற்று கொண்டுவந்து நட்டதுபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெற்றிலையும் பச்சைப் பாக்குமாக எதிர்ச் சீட்டு அம்மாள் நீட்டியதை வாங்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் காது சூடாகித் தலை சுற்றி உட்கார்ந்திருந்தேன். அவள் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள்.

பிறகு மலை வந்தது. ஒரு பக்கம் ஈரப் பாறை, இன்னொரு பக்கம் மூங்கில் காடு, கீழே எங்கேயோ ஆறு. சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டி, வெளியே வந்தால் மேகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மறுபடி சுரங்கம். ஊட்டி மலை ஒழுங்காக டீச்செடி உடுத்தி நிற்கும். இது தலை சீவாத மலை. மழை பெய்யாத நேரம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

மைபாங் என்ற ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மதியமும் ஆயிற்று. இவர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்து, என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என்னவாமுங்க?"

"தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சுருச்சாம்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் அடக்க முடியவில்லை. மூன்று நாளாக அந்தப் பையன்மேல் மனதுக்குள் வைத்திருந்த கோபம் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவனுக்குப் போன் போட்டார். வேறு வழியில்லை. எப்போது பாதை சரியாகும் என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியவில்லை. அதிசயமாகப் போன் மணி அடித்தது.

"தங்கம், நான்தான். மைபாங் ஸ்டேசன்ல இருக்கறேன். அக்காளும் வந்திருக்குது."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு, "அங்கயே இருங்கண்ணா. எங்கயும் போயராதீங்க. நான் வாரேன்."

ஸ்டேஷன் வாசலில் பாலில்லாத சிவப்பு டீ குடித்தோம். வந்த வழியில் இவர் குறை சொல்லாத முதல் டீ அதுதான். சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு ஒரு சுமோவிலிருந்து தங்கம் இறங்கினான். எங்களைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு நேராக இவரிடம் வந்து, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றினான்.

"அந்தத் தோள்ல பை மாட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லீங்களா?" என்றான். "ஏனுங்க்கா, நீங்களாவது சொல்லக்கூடாதுங்களா?"

திட்டுவதற்காகக் கோயமுத்தூரிலிருந்து தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகளை இவர் விழுங்குவதைப் பார்த்தேன்.

சுமோ போன பாதையைப் பற்றி எழுதி யாரையும் பயமுறுத்த வேண்டாம். நான் கண்ணை மூடிக்கொண்டு பைபிளின் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். ஹாஃப்லாங் ஊரைத் தாண்டி, ஒரு மலை முதுகில் வரிசையாக இருந்தன வீடுகள். மூங்கில் சுவர், தகரக் கூரை, வாசலில் பூச்செடிகள். சமையலறையின் நடுவில் அடுப்பு, அதற்கு மேலே பரணில் புகையில் தொங்கும் பன்றிக் கறி. தங்கத்தின் மனைவி மாவி, குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குள் மொழி இல்லை. குழந்தையை அவிழ்த்து என் மடியில் போட்டாள். பெண் குழந்தை. அப்பாவின் கண், யாருடையதோ மூக்கு. என் தங்கச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

சாப்பாடு சோறும், மூங்கில் குருத்து போட்ட கீரையும், புகைக்கறியும், நாக்கைக் கிழிக்கும் ஒரு மிளகாய்த் துவையலும். கூடவே ஒரு கிண்ணத்தில் ரசம். நான் திகைத்துப் பார்த்தேன்.

"நான்தான் வெச்சனுங்க்கா" என்றான் தங்கம். "இங்க ஆருக்குச் சளி புடிச்சாலும் எங்கூட்டுக்குத்தான் வருவாங்க. மருந்துன்னு நெனச்சுக் குடிக்கறாங்க."

புளிப்பு ஒரு பங்கு தூக்கலாக இருந்தது. நான் வைப்பதுபோலவே இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுநாள் சனிக்கிழமை. பேச்சை எடுக்க இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கம், ஒரு விசயம் பேசோணும்" என்று தொடங்கினால், "வாங்கண்ணா, அன்னாசித் தோட்டத்தைப் பாத்துப்போட்டு வந்தரலாம்" என்பான். அங்கே போய்த் தொடங்கினால், ஓடையைக் காட்டுவான். ஓடையில் தொடங்கினால் மழை வந்துவிடும். பழத்தை அறுத்து மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் கொடுத்தான். அப்படி ஒரு அன்னாசியை நான் அதுவரை தின்றதில்லை. ஊரெல்லாம் சுற்றிக் காட்டினான். ஆனால் கீழ்ப்பக்கமாகப் போகும் ஒரு பாதையில் மட்டும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அதைக் கவனித்தேன், இவரிடம் சொல்லவில்லை.

"நாளைக்கு கோயில் முடிஞ்சு கேட்டுப்போடறேன்" என்றார் இவர்.

ஞாயிறு காலை சர்ச்சுக்கு நடந்தோம். மழையில் மேல் பாதை உடைந்திருந்ததால் கீழ்ப்பாதையில்தான் போக வேண்டியிருந்தது. வளைவில் ஒரு தகர ஷெட். கதவு பூட்டியிருந்தது. மேலே புதுப் பெயின்ட்டில் ஆங்கில எழுத்தில் பலகை: கோயம்புத்தூர் ஒர்க்ஸ்.

இவர் அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு நின்றார். தங்கம் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். மேலே மணி அடித்தது, நடந்தோம்.

மரப் பலகைத் தரையும் பெரிய தோல் மேளமுமாக இருந்தது அந்த சர்ச். பாட்டு மொழி எனக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டாவது பாட்டின் ராகம் எங்கள் சபையில் பாடுவது. நான் தமிழில் பாடினேன். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, இன்னும் சத்தமாகப் பாடச் சொல்லிக் கையால் காட்டினார்கள். ஆராதனை முடியும் நேரத்தில் சபை மூப்பர் எழுந்து ஏதோ சொல்ல, எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"அண்ணா, ரண்டு வார்த்தை பேசச் சொல்றாங்க" என்றான் தங்கம். "நான் அவங்களுக்குச் சொல்றேன்."

இவர் போய் முன்னால் நின்றார். தங்கம் பக்கத்தில் நின்றான். "எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க கோயமுத்தூருங்க. உங்க ஊரு ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று தொடங்கினார். ஒவ்வொரு 'ங்க'வுக்கும் குழந்தைகள் கிளுக்கென்று சிரித்தன. தங்கம் அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சோறு நன்றாக இருந்ததைச் சொன்னார். மழையைச் சொன்னார். தங்கம் ஒன்பது வருடம் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்ததைச் சொன்னார். அத்தோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நான் இவனைக் கூட்டிட்டுப் போகத்தானுங்க வந்தேன்" என்றார். "என்ற பட்டறையை இவங்கிட்டக் குடுத்தர்லாம்னு இருக்கறனுங்க. எனக்குப் பொறவு பாத்துக்க ஆள் இல்லீங்க."

தங்கம் மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சபை காத்திருந்தது. தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அவன் தலையைத் தூக்கி, சின்னச் சின்னதாக மூன்று நான்கு வாக்கியம் சொன்னான். மாவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மூப்பர் நீளமாக ஒரு ஜெபம் செய்தார். அது முடிந்ததும் ஊரே வரிசையாக வந்து இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியது. பெண்கள், ஆண்கள், பல்லில்லாத கிழவர் ஒருவர், எல்லோரும். சிலர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் கை பிடிப்பதுபோல இருந்தது அது.

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

"நீங்க சொன்னதைத்தானுங்கண்ணா சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன்."

"அப்பறம்?"

"நான் போகலைன்னும் சேத்திச் சொல்லிப்போட்டேன். இங்கயே இருக்கப்போறேன்னு சொன்னேன். நாலு மாசமா உங்ககிட்டச் சொல்லோணும்னு மேல ஏறி வந்து போன் போடுவனுங்கண்ணா. உங்க கொரலைக் கேட்டதும் அடுத்த வாரம்னு வாயில வந்துரும். தமிழ்ல எனக்கு அதைச் சொல்ல வரலைங்க."

இவர் முன்னால் நடந்தார். மதியம் சாப்பிடவில்லை. கூரைத் தாழ்வாரத்தில் ஒரு மூங்கில் முக்காலியில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை போட வேண்டுமே என்று நான் ஒரு தட்டில் கொஞ்சம் சோறு கொண்டுபோனேன்.

"ஏனுங்க, கோபமுங்களா?"

"கோபமெல்லாம் இல்ல ராணி. இவ்வளவு பெரிய பலகை எழுதி வெச்சிருக்கறான். அதுல நம்ம ஊரு பேரை எழுதியிருக்கறான். எங்கிட்ட அதைக் காட்டக்கூட பயந்துட்டான் பாரு. நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"கொஞ்சம் அப்படித்தானுங்க" என்றேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

திங்கள் காலை ஷெட் திறந்தது. இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தார். உள்ளே ஒரு வெல்டிங் மிஷின், கட்டிங் மிஷின், இரும்பைப் பிடித்து நிறுத்த ஒரு வைஸ், கரண்ட் போனால் ஓட்ட ஒரு டீசல் ஜெனரேட்டர். அவ்வளவுதான். சுமோ டிரைவர் ஒருவர் உடைந்துபோன கேரியரைக் கொண்டுவந்தார். தங்கம் தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பார்க்க மேலே போயிருந்தான். அவன் வரட்டும் என்று டிரைவர் காத்திருக்கவில்லை. மாவியிடம் கொடுத்தார்.

மாவி குழந்தையை என்னிடம் நீட்டினாள். தலைமுடியை முடிந்துகொண்டு, முகமூடியை இறக்கி, குந்தி உட்கார்ந்து பற்றவைக்கத் தொடங்கினாள். நான் குழந்தையின் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே திரும்பி நின்றேன். இவர் நகரவே இல்லை. தீப்பொறி நின்றதும் ஒரு சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டி, மேலே படிந்த கரியை உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார்.

"நம்ம பசங்களை விடச் சுத்தமா இருக்குதே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

தங்கம் வந்ததும் முதல் கேள்வி அதுதான். "இந்தப் புள்ளைக்கு எப்படா கத்துக்குடுத்த?"

"குழந்தை பொறந்து ரண்டு மாசம் கழிச்சுங்கண்ணா. எனக்கு ஒத்தையா ஆகலைங்க. அவளே கேட்டா, எனக்குச் சொல்லித் தாங்கன்னு."

"கையி ஆடறதே இல்லடா அவளுக்கு."

தங்கம் அதை மாவிக்குச் சொன்னான். அவள் முகமூடியை மறுபடி இறக்கிக்கொண்டாள். வெட்கம்.

அன்றும் மறுநாளும் இவர் அந்த ஷெட்டிலேயே கிடந்தார். பெஞ்சு ஆடுகிறது என்று ஆப்பு வைத்தார். வெல்டிங் ராடெல்லாம் மழையில் நமத்துப் போகிறது என்று சமையலறை அடுப்புக்கு மேலே, கறிக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு பரண் கட்டச் சொன்னார். ஜெனரேட்டரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். நடுநடுவே தங்கத்தைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். கணபதியில்கூட அவனை நான் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அவனை எங்களோடு அனுப்பிவை என்று என்னாலும் ஜெபிக்க முடியவில்லை.

பாதை சரியானதாகச் செய்தி வந்தது. ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் வந்தார்கள். ஒரு சாக்கு நிறைய அன்னாசி. எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்னால் தங்கம் "அண்ணா..." என்று தொடங்கினான்.

"மாவியோட மொகமூடிக் கண்ணாடி கீறிப்போயிருக்குது. கண்ணு கெட்டுப்போகும். போனதும் ஒரு நல்லதா வாங்கி அனுப்பறேன்" என்றார் இவர். "மழை வருது பாரு, குழந்தையைக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை நனைந்துகொண்டு நின்றான். இவர் உள்ளே வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

திரும்பும் ரயிலில் அவ்வளவாகப் பேச்சு இல்லை. அன்னாசி வாசனை பெட்டி முழுக்க இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அறுத்துக் கொடுத்தேன். வங்காளத்து வயல்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, வெளியே பார்த்தபடியே இவர் கேட்டார்.

"ராணி, நீ லேத்துல நிக்கறயா?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "ஆரு, நானுங்களா?"

"அளவெல்லாம் உனக்கு அத்துபடி. வேலைல தப்பு எங்க இருக்குதுன்னு எனக்கு முன்னாலயே நீதான் சொல்ற. சின்ன லேத்துல ஆரம்பிச்சாப் போதும். நான் பக்கத்துலயே இருப்பேன்."

கல்யாணமான புதிதில் ஒருமுறை நானாகவே கேட்டிருக்கிறேன். பொம்பளைகளுக்கு அது ஆகாது, கையெல்லாம் கிரீஸ் ஆகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வந்து என் முன்னால் நிற்கும்போது, உடனே பதில் சொல்லிவிட எனக்கு இஷ்டமில்லை.

"விஜயவாடா வரட்டும், சொல்றேன்" என்றேன்.

அது ஏறக்குறைய ஒரு நாள் தூரம். அந்த ஒரு நாளும் என் வீட்டுக்காரர் நடந்துகொண்ட விதத்தை எங்கள் மகளுக்குச் சொன்னால் நம்பமாட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி எனக்கு டீ வாங்கி வந்தார். மேல் பெர்த்தில் தானே ஏறிப் படுத்தார். ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. விஜயவாடாவில் ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு வந்து என் எதிரில் நின்றார்.

"சேலை கட்டிக்கிட்டு லேத்துல நிக்க முடியாதுங்க. சுத்திக்கும். சுடிதார்தான் போடுவேன்."

"போட்டுக்க."

"முதல்ல நான் கெடுக்கற பொருளுக்குக் கணக்குப் பாக்கக்கூடாது."

"செரி."

"பசங்களுக்கு முன்னால என்னைத் திட்டக்கூடாது."

வண்டி நகர ஆரம்பித்தது. பொட்டலத்தைப் பிரித்து, ஊறுகாயை ஒரு ஓரத்தில் ஒதுக்கி என்னிடம் நீட்டினார்.

"பாக்கலாம்" என்றார்.

ஊருக்கு வந்த வாரமே மாவிக்கு முகமூடி பார்சலில் போனது. வெளியே அனுப்பிய வேலை இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை, எல்லாவற்றையும் செய்ய எங்களால் முடியவும் முடியாது. முடிந்ததை மட்டும் எடுக்கிறோம். ஷட்டரை இறக்குகிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை. நான் கடைந்த முதல் சில புஷ்களைக் கழிவுப் பெட்டியில் போட்டார். பையன்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் திட்டினார். அதற்கடுத்து ஒன்றைக் கடைந்து கொடுத்தேன். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பம்பு கம்பெனிக்குப் போகும் பெட்டியில், மற்றவற்றோடு மற்றதாக அடுக்கிவைத்தார்.